எட்டு வருடத்தில் மூன்று முறை எழ மறுத்த லேப்டாப்

கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. தூத்துக்குடியில் சின்ன அலுவலகம், ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று நேரே மேசைக்கு வரும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த கையோடு வாங்கிய லேப்டாப் இது. ஏழாம் தலைமுறை ஐ5 ப்ராசசர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். இன்றைக்கும் இதில்தான் வேலை. நடுவில் மூன்று தடவை படுத்துவிட்டது. மூன்று தடவையும் என் வாயில் வந்தது ஒரே வார்த்தைதான்: "ஆன் ஆகல". அதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பது பிறகுதான் உறைத்தது.

முதல் தடவை, 2019 மழைக்காலம். பவர் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னுகிறது. கம்பெனி லோகோவே வராதபோது விண்டோஸைத் திட்டிப் பயனில்லை, அதன் முறையே இன்னும் வரவில்லை. சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். மசியவில்லை. பின்மூடியைத் திறந்து ரேமை உருவி, மகளின் பென்சில் ரப்பரால் அதன் தங்கநிற விளிம்பை மெதுவாகத் தேய்த்தால் ரப்பரில் கறுப்பாக அப்பியது. இரண்டு பக்கக் கொக்கியும் விழும்வரை அழுத்தி உட்கார வைத்தேன், லோகோ வந்துவிட்டது. செலவு ஒன்றுமில்லை.

இரண்டாவது, 2021. லோகோ வரும், புள்ளிகள் சுற்றும், டீ குடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டிருக்கும். காதை வைத்தால் உள்ளே டிக்… டிக். ஹார்டு டிஸ்க் கடைசி மூச்சில் இருந்தது. அந்த நிலையில் டிஸ்க்கைச் சரிபார்க்கும் கட்டளையை ஓட்டுவது, மூச்சு வாங்கும் ஆளை மாடி ஏறச் சொல்வது மாதிரி. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் உபுண்டுவைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கிளப்பி, வாடிக்கையாளர்களின் கோப்புகளை முதலில் வெளியே எடுத்தேன். பிறகு அதன் இடத்தில் 480 ஜிபி எஸ்எஸ்டி, சுழலும் தட்டே இல்லாத டிஸ்க். அன்று முதல் அரை நிமிடத்துக்குள் எழுந்துகொள்கிறது. எட்டு வருடத்தில் இதற்குக் கொடுத்த காசில் உருப்படியான காசு அதுதான். மாட்டிக் கொடுத்த தம்பி விண்டோஸ் ஏற்றுமுன் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புத் திரையில் போய், போர்டு டிஸ்க்கோடு பேசும் முறையை 'ரெய்டு' என்பதிலிருந்து 'ஏஎச்சிஐ' என்று மாற்றினான். பக்கத்தில் நின்று பார்த்தேன், ஏன் என்று கேட்கவில்லை.

கேட்டிருந்தால் 2024இல் அந்த இரவு தூங்கியிருப்பேன்.

மறுநாள் 20ஆம் தேதி, 3பி என்ற மாதாந்தர ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலின் கடைசி நாள். லேப்டாப்பைப் போட்டால் லோகோ, நீலத்திரை, டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று ஒரு வரி, தானே மறுபடி ஆரம்பம். இதே சுற்று. கடையில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "எஸ்எஸ்டி போச்சு சார், புதுசு போட்டு ஃபார்மட் அடிச்சிரலாம்" என்றார்கள். வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன். பழைய உபுண்டு பென்டிரைவைச் செருகினால், எல்லாக் கோப்பும் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது! போய்விட்ட எஸ்எஸ்டி கோப்பைக் காட்டுமா?

பயாஸுக்குள் போனேன். தேதி 2017 ஜனவரி 1. டிஸ்க் முறை, ரெய்டு.

அப்போதுதான் எல்லாம் ஒட்டியது. சில மாதமாகவே காலையில் கடிகாரம் தப்பாக இருக்கும். ஜிஎஸ்டி தளம் சான்றிதழ் சரியில்லை என்று திறக்காது. நானும் தேதியை மாற்றிவிட்டு வேலையைப் பார்ப்பேன். பயாஸின் நினைவைக் காப்பது உள்ளே இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரி. அது தீர்ந்திருக்கிறது. லேப்டாப்பின் பெரிய பேட்டரி உப்பிப்போனதால் கழற்றிவைத்துவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தேன். இரவில் சுவிட்சை அணைத்தால் போர்டுக்குச் சொட்டு மின்சாரம் கிடையாது. தேதி மட்டும் அழிந்தவரை தப்பித்தேன். அந்தத் தடவை எல்லா அமைப்பும் ஆலையில் வைத்தபடி திரும்பிவிட்டது, தம்பி மாற்றிய ஏஎச்சிஐயும் சேர்த்து. அதில் பழகிய விண்டோஸுக்கு ரெய்டு முறையில் தன் வீடே தெரியவில்லை.

ஏஎச்சிஐ என்று மாற்றி எஃப்10 அழுத்தினேன், எழுந்துவிட்டது. தாக்கலை முடித்துவிட்டுத்தான் அணைத்தேன். வயர் வைத்த வட்ட பேட்டரி 150 ரூபாய்க்குக் கிடைத்தது. சில மாடல்களில் வயர் இருக்காது, திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: பல புது லேப்டாப்களில் டிஸ்க் பூட்டு போட்டே வருகிறது. பயாஸில் கைவைத்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கலாம். அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் உள்ளே நுழைய வேண்டாம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இந்த ஏழாம் தலைமுறை ப்ராசசருக்கு விண்டோஸ் 11 கிடையாது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டில் பதிந்து 2026 அக்டோபர் வரை இழுக்கலாம் என்று இருக்கிறேன். இடது பக்கக் கீல் ஆடுகிறது, 'ந' விசை ஒட்டிக்கொள்கிறது. பின்மூடியின் உட்புறம் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். பேட்டரி மாற்றிய தேதி, அதன் கீழே பெரிய எழுத்தில் ஏஎச்சிஐ.