இறக்குமதிப் பீட் மண்: குமரி நாற்றங்காலுக்கு அது தேவைதானா?

மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் உள்ள சில உரக்கடைகளில் ‘பீட் மாஸ்’ என்ற பெயரில் அழுத்திக் கட்டிய பெரிய பைகள் விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பால்டிக் கடலோர நாடு ஒன்றின் சதுப்பு நிலத்தில் முழுவதும் மட்காமல் படிந்து கிடக்கும் பாசியை (அதுதான் பீட்) எடுத்து, உலர்த்தி, சலித்து, கப்பலேற்றி அனுப்பப்படும் நாற்று ஊடகம் அது. குலசேகரம் பக்கம் கிராம்பு, ஜாதிக்காய், நல்லமிளகு நாற்றுகளோடு குழித்தட்டில் காய்கறி நாற்றும் வளர்த்து விற்கும் எங்கள் நாற்றங்காலில் கோடையிலும் மழையிலும் அதைப் பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பொருள் தரமானது, சொன்ன அளவு, சொன்ன சலிப்பு, கலப்படம் இல்லை. ஆயினும் நம் மாவட்டத்தில் பெரும்பாலான நாற்றுகளுக்கு அது தேவையில்லை என்பதும், அதைச் சத்துள்ள மண் என்று சொல்லி விற்பது தவறு என்பதும் என் உறுதியான கருத்து.

பையைக் கிழித்தவுடன் கண்ணில் படுவது இளம்பழுப்பு நிறமுள்ள, கையில் எடுத்தால் எடையே தெரியாத தூள். ஒரு பிடியை வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டுப் பரப்பி, பூதக்கண்ணாடியால் பார்த்தால் ஸ்பேக்னம் பாசியின் சிறு கிளைகளும் உட்குழிந்த இலைகளும் உருக்குலையாமல் தெரிகின்றன. ஆங்காங்கே முரட்டு நார்க்கற்றைகள் கிடக்கின்றன. அவை சதுப்பில் பாசியோடு சேர்ந்து வளரும் பருத்திப்புல்லின் எச்சங்கள். பீட் எந்த அளவு மட்கியுள்ளது என்பதை அளக்க ஸ்வீடனைச் சேர்ந்த லென்னார்ட் வான் போஸ்ட் 1920-களில் வகுத்த எளிய கைச்சோதனை இன்றும் வழக்கில் உள்ளது. ஈரமான பீட்டை உள்ளங்கையில் வைத்துப் பிழிய வேண்டும். தெளிந்த நீர் மட்டும் வந்தால் மதிப்பு 1, முழுவதும் சேறாக விரலிடுக்கில் வழிந்துவிட்டால் 10. உண்மையில் அது சதுப்பிலேயே, புதிதாக வெட்டிய பீட்டில் செய்ய வேண்டிய சோதனை என்றாலும், நனைத்து ஊறவைத்த தூளைப் பிழிந்தபோது சற்றுக் கலங்கிய பழுப்பு நீர் வந்து, கையில் பஞ்சுபோல் மீளும் சக்கை தங்கியது. 3 என்று மதிப்பிட்டேன். நாற்றுக்கு வேண்டிய காற்றோட்டத்தைத் தருவது இப்படி அதிகம் மட்காத பீட்தான் என்பதால் இந்த வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை இருப்பது விற்பனைப் பேச்சில். “இத போட்டா பின்னே வேற உரம் ஒண்ணும் வேண்டாம், அண்ணா” என்றுதான் கடையில் சொன்னார்கள். இந்த ஒரு வாக்கியத்தை நம்பி வாங்கும் விவசாயி மூன்றாவது வாரத்திலேயே வெளிறிய நாற்றுகளோடு நிற்பார். ஸ்பேக்னம் பீட்டின் உலர் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு நைட்ரஜன் இருப்பது உண்மை. ஆனால் அதில் ஏறக்குறைய முழுவதும் மட்காத கரிமப் பொருளுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. வேருக்கு எட்டும் அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோ இருப்பது மிகச் சொற்பம். பையில் அச்சிட்டிருக்கும் தொடக்க உரம் ஆலையில் தனியாகக் கலக்கப்பட்டது. பீட் நைட்ரேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. ஆனி மாதத்து மழையில் நனையும் தட்டில் அது சில நாட்களிலேயே கரைந்து வடிந்துவிடுகிறது.

நைட்ரஜன் ஏன் இப்படிப் பூட்டிக் கிடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, இந்தப் பை வந்த நிலத்தின் காடுகளைப் பற்றி அங்குள்ள மண்ணியலாளர்கள் கண்டறிந்திருப்பதை அறிந்திருப்பது நல்லது. பின்லாந்து, ஸ்வீடன் போன்ற வட நாடுகளின் பைன், ஸ்புரூஸ் ஊசியிலைக் காடுகளில் மரத்தின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் நைட்ரஜன் பற்றாக்குறையே. நம் மாவட்டத்துக் கீரிப்பாறைக் காட்டிலோ மாறாமலையிலோ ஒரு மழைக்காலத்தில் விழுந்த இலை அடுத்த மழைக்காலத்திற்குள் பெரும்பாலும் மண்ணோடு மண்ணாகிவிடுகிறது; அங்கோ குளிரும் புளிப்பும் சேர்ந்து ஊசியிலைச் சருகை ஆண்டுக்கணக்கில் அழுகவிடாமல் தடிமனான மெத்தையாக நிறுத்தி வைக்கின்றன. அந்த மெத்தைக்குள் நைட்ரஜன் இருந்தும் இல்லாத நிலை. வேரோடு இணைந்து வாழும் பூஞ்சைகளின் துணையில்லாமல் மரங்களுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. கனிமமாக மாறிய நைட்ரஜனை மட்டுமே செடி எடுக்கும் என்ற பழைய பாடத்தைத் திருத்திய ஆய்வும் அங்கிருந்துதான் வந்தது: ஸ்வீடனில் டோர்க்னி நேஷோல்ம் குழுவினர் 1998-இல், காட்டுச் செடிகள் கிளைசின் என்ற அமினோ அமிலத்தை நேரடியாகவே உறிஞ்சுவதைக் காட்டினார்கள். தாமஸ் டெலூகா குழுவினர் 2002-இல், காட்டுத் தரையை மூடியிருக்கும் சிவந்த தண்டுள்ள பாசியில் நாஸ்டாக் என்ற நீலப்பசும்பாசி குடியிருந்து, ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 1.5 முதல் 2 கிலோ வரை காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்துவதை அளந்தார்கள். நம் வயலுக்கு ஒரு மூட்டை யூரியாவை வீசுகிற கணக்கில் 2 கிலோ என்பது ஒன்றுமே இல்லை. அந்தக் காட்டுக்கோ அது உயிர்நாடி. அதனால்தான் அங்குள்ள வன நிர்வாகிகள் வெட்டுவதற்கு ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கு முன் ஹெக்டேருக்குச் சுமார் 150 கிலோ நைட்ரஜன் இட்டு மரத்தின் பருமனைக் கூட்டுகிறார்கள்.

பீட் நிலத்தில் கதை தலைகீழாகிறது. பின்லாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பீட் நிலம். அதில் பாதிக்கும் மேல், பெரும்பாலும் 1950-களுக்கும் 1980-களுக்கும் இடையில், கால்வாய் வெட்டி நீரை வடித்து வனமாக்கப்பட்டது. நீர்மட்டம் இறங்கியதும் காற்று உள்ளே புகுந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உறங்கிய பாசி மட்கத் தொடங்குகிறது. பூட்டியிருந்த நைட்ரஜன் அவிழ்கிறது. சத்து மிகுந்த பீட்டில் அப்போது மரத்திற்குப் பற்றாக்குறையாவது தழைச்சத்தான நைட்ரஜன் அல்ல, சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) மணிச்சத்தும்தான் (பாஸ்பரஸ்). பைனின் ஊசி நுனிகள் மஞ்சளாவதைப் பார்த்து அங்குள்ளவர்கள் யூரியாவைத் தேடாமல் மரச்சாம்பலைத் தூவுகிறார்கள். மிஞ்சிய நைட்ரஜனில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் ஏறுகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் சுமார் 270 மடங்கு வெப்பம் சேர்க்கும் வாயு அது. மண்ணின் கரிம-நைட்ரஜன் விகிதம் (ஒரு பங்கு நைட்ரஜனுக்கு எத்தனை பங்கு கரிமம் என்ற கணக்கு) ஏறத்தாழ 25-க்குக் கீழே இறங்கும்போது அதன் வெளியீடு சட்டென்று கூடுவதாக 2005-இல் லெய்ஃப் கிளெமெட்சன் குழுவினர் ஸ்வீடனின் வடித்த வன நிலங்களை வைத்துக் காட்டினார்கள்.

நாற்று ஊடகத்துக்காகப் பீட் எடுக்கும் நிலமும் இதே போல வடிக்கப்பட்டதுதான். உயிருள்ள சதுப்பில் பீட் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மட்டுமே உயர்கிறது. குழித்தட்டின் ஒரு குழியை நிரப்பும் உயரத்துக்கு அந்தச் சதுப்பு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வளர்ந்திருக்க வேண்டும். நாம் அதில் ஒரு மாதத்துக்குள் ஒரு கத்தரி நாற்றை எழுப்பி விற்றுவிடுகிறோம். உலக நிலப்பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்கே உள்ள பீட் நிலங்கள் உலகக் காடுகளின் மரங்கள் அனைத்திலும் உள்ளதைவிட அதிகக் கரிமத்தைத் தேக்கி வைத்திருக்கின்றன என்பதை அறிந்த பிறகு இந்தக் கணக்கு எனக்கு மிகவும் உறுத்துகிறது.

இனி நம் ஊர் வெயிலிலும் மழையிலும் அது நடந்துகொண்ட விதம். பங்குனி, சித்திரையில் ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் பீட் சுருங்கிக் குழியின் சுவரை விட்டு விலகிவிடுகிறது; பிறகு ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளி வழியாகக் கீழே ஓடிவிட, நடுப்பகுதி உலர்ந்தே கிடக்கிறது. ஒரு முறை முழுவதும் காய்ந்த பீட் தண்ணீரை விலக்கும் இயல்புடையது. தட்டைத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால்தான் மீள்கிறது. தென்மேற்குப் பருவமழையில் இதற்கு நேர் எதிரான தொல்லை: நிழல்வலைக்கு அடியில் மேற்பரப்பு பச்சைப் பாசி படிந்து, மிளகாய் நாற்றுகளில் நாற்றழுகல் நோய் தென்பட்டது. மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் (சூட்டில் பொரிந்த எரிமலைப் பாறைத் துகள்) கலந்த தட்டுகளில் இது வெகுவாகக் குறைந்தது. ஆனால் பெர்லைட்டுக்கும் தனியாகப் பணம் வேண்டும்.

ஈத்தாமொழி, ராஜாக்கமங்கலம் வட்டாரத்துத் தும்பு ஆலைகளின் பின்புறம் மலைபோல் குவிந்து கிடக்கும் தேங்காய் நார்த்தூளோ, போக்குவரத்துச் செலவுக்கே கிடைத்துவிடுகிறது. அதை அப்படியே பயன்படுத்தச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உப்பங்கழியில் ஊறவைத்த கதம்பையின் (தேங்காய் மட்டையின்) தூளில் உப்பு தங்கியிருக்கும். வடியும் நீர் தெளியும்வரை நல்ல தண்ணீரில் அலசியே ஆக வேண்டும். அதன் கரிம-நைட்ரஜன் விகிதம் 112:1. இப்படிப்பட்ட தூளில் விதைத்தால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் நாற்றுக்கு நாம் இடும் தழைச்சத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். வட நாட்டுச் சருகு மெத்தையில் நடக்கும் அதே பூட்டுதான் இங்கே குழித்தட்டுக்குள் நடக்கிறது. இதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காட்டியிருக்கும் வழி எளிது: ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு, நிழலில் ஈரம் குறையாமல் சுமார் 60 நாள் வைத்தால் விகிதம் 24:1 அளவுக்கு இறங்குகிறது. தூள் கறுத்து, மண்வாசனை வீசி, விரலால் தேய்த்தால் பொடியும் நிலைக்கு வந்ததும் பயன்படுத்தலாம். எங்கள் தட்டுகளில் மட்கிய நார்த்தூளில் எழுந்த கத்தரி, மிளகாய் நாற்றுகளுக்கும் பீட்டில் எழுந்தவற்றுக்கும் நடவு நேரத்தில் வேறுபாடு தெரியவில்லை; காய்ந்தபின் தண்ணீர் விட்டால் நார்த்தூள் உடனே நனைந்துகொள்வது கோடையில் பெரிய ஆறுதல். இதே தூளை அலசி, கட்டிகளாக அழுத்தி, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். அங்குள்ள நாற்றங்கால்கள் பீட்டைக் குறைப்பதற்காகவே அதை வாங்குகின்றன.

பீட்டுக்கு இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். திசு வளர்ப்பு ஆய்வகத்திலிருந்து வரும் ஆந்தூரியம் கன்றுகளை முதல் சில வாரங்கள் பழக்குவதற்கும், மிக நுண்ணிய பூ விதைகளை முளைக்க வைப்பதற்கும் உப்பும் களைவிதையும் இல்லாத, பைக்குப் பை மாறாத அதன் ஒரே சீரான தரம் உதவுகிறது. அங்கே ஒரு சிறு பை நெடுநாள் வரும். கிராம்பு நாற்று நிழலில் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் பையில் நிற்க வேண்டியது. அதற்குப் பீட்டை வாங்குவது வீண் செலவு. மேல்மண், மட்கிய சாணம், மட்கிய நார்த்தூள் ஆகியவற்றின் கலவையே போதும். பீட் வாங்குபவர்கள் பையில் அமில-கார நிலை அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்: சுண்ணாம்பு சேர்த்துச் சரிசெய்தது 5.5 முதல் 6 வரை இருக்கும். சேர்க்காத பீட் 4-ஐ ஒட்டியே நிற்கும், அதில் காய்கறி விதைக்கக் கூடாது. வித்திலைகளுக்கு அடுத்து வரும் முதல் உண்மை இலை விரிந்ததும் நீரில் கரையும் உரத்தை மிக நீர்த்த கரைசலாகத் தொடங்கிவிடுங்கள். கடையில் என்ன சொன்னாலும் சரி.