ஏற்றத்தில் திணறும் பழைய வோக்ஸ்வாகன் கேம்பர்: எது பலன் தந்தது, எது வீண்

1970-களின் வோக்ஸ்வாகன் டைப் 2 'பே விண்டோ' கேம்பரை 1600 சிசி இன்ஜினோடு வைத்திருப்பவர்கள் மலையேற்றத்துக்கு முதலில் விசாரிப்பது இரட்டைக் கார்புரேட்டரின் விலையைத்தான். கடைசியாக வாங்க வேண்டிய சாமான் அது.

முதலில் கணக்கு. படுக்கை, அடுப்பு, தண்ணீர், ஆட்கள், மூட்டை எல்லாம் சேர்ந்தால் வண்டி கிட்டத்தட்ட 2 டன். 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர் போக இன்ஜின் சுமார் 42 குதிரைத் திறன் தர வேண்டும். 1600 இன்ஜின் புதிதில் கொடுத்ததே 50, அதுவும் 4000 ஆர்பிஎம்மில். ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 1 சதவீதம் போய்விடும். ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் பாதையில் ஹோக்டோர் கணவாய் 2504 மீட்டர். அங்கே மிஞ்சுவது 37, 38. அந்தப் பாதையில் 12 சதவீத ஏற்றமும் உண்டு.

உண்மையான வில்லன் கியர் பெட்டி. இரண்டாம் கியரின் விகிதம் 2.06, மூன்றாவதன் விகிதம் 1.26; எண் குறைந்தால் இழுவையும் குறையும். இரண்டாவதில் 4000 ஆர்பிஎம் வரை இழுத்தால் வேகம் சுமார் 43. மூன்றாவதுக்கு மாற்றியதும் ஊசி 2450-க்கு விழும். அங்கே 8 சதவீத ஏற்றத்தைக் கடல் மட்டத்தில் நூலிழையில் சமாளிக்கும், ஆயிரம் மீட்டருக்கு மேல் முடியாது. வேகம் குறையும், மறுபடி இரண்டாவது, மறுபடி அலறல். "என் இன்ஜின் போச்சு" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இன்ஜினில் கோளாறே இருக்காது.

ஆனால் அந்த 50-ல் எத்தனை கையில் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். ஒருவர் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதிக்கட்டும், இன்னொருவர் கார்புரேட்டருக்குள் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். உள்ளே இருக்கும் தகடு நேர்க்குத்தாக நிற்க வேண்டும். பல வண்டிகளில் முக்கால்வாசிதான் திறக்கும். வயர் நீண்டிருக்கும், அல்லது பெடலுக்கு அடியில் யாரோ தடித்த மேட் போட்டிருப்பார்கள். கார்புரேட்டர் லீவரில் வயரைப் பிடிக்கும் திருகைத் தளர்த்தி இறுக்கிப் பிடியுங்கள். முழுதாக மிதித்த நிலையில் லீவரில் 1 மில்லிமீட்டர் ஆட்டம் மிச்சம் இருக்கட்டும், இல்லாவிட்டால் வயர் அறுந்துபோகும். செலவே இல்லாத வேலை, வித்தியாசம் அன்றே தெரியும்.

அடுத்து வால்வு கேப், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி: இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது 0.15 மில்லிமீட்டர், இரண்டு வகை வால்வுக்கும் அதே அளவு. டிஸ்ட்ரிபியூட்டரில் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் கருவி) பாயிண்ட் இடைவெளி 0.4. பிறகு டைமிங், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்பு பிளக்கில் பொறி விழுகிறது என்பது. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, 3500 ஆர்பிஎம்மில் 28 முதல் 32 டிகிரிக்குள் நிற்க வேண்டும். கிரேங்க் புல்லியில் 30 டிகிரிக் குறி இருக்காது. சுற்றளவை டேப்பால் அளந்து 12-ஆல் வகுத்து, டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) குறிக்கு வலப்பக்கம் அந்தத் தூரத்தில் வெள்ளைக் கோடு போடுங்கள். சில புல்லிகளில் இருக்கும் ஒற்றை வெட்டு டிடிசியே அல்ல, அதற்குப் பின் 5 டிகிரி; பிஸ்டன் மேலே நிற்கும் இடத்தைச் சரிபார்த்த பிறகே அளக்கவும். டைமிங் பின்தங்கினால் இழுவையும் போகும், சூடும் ஏறும். 32-ஐத் தாண்டினால் ஏற்றத்தில் நாக்கிங், அதாவது எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது. காற்றால் குளிரும் இந்த இன்ஜினின் இரைச்சலில் அது காதில் விழாது, பிஸ்டன் ஓட்டையான பிறகுதான் தெரியும்.

வேக்குவம் இல்லாத 009 டிஸ்ட்ரிபியூட்டர் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். இந்த இன்ஜினின் 34 பிக்ட்-3 கார்புரேட்டரோடு அதற்கு ஒத்துவராது. கொண்டை ஊசி வளைவில் காலை எடுத்து மறுபடி மிதித்ததும் ஒரு கணம் மூச்சு வாங்கும், அந்தக் கணத்தில் வண்டி வேகம் முழுவதையும் இழக்கும். வேக்குவம் வைத்த டிஸ்ட்ரிபியூட்டரில் இந்தத் தடுமாற்றம் போய்விடுகிறது.

சூடு தனிக் கதை. மூன்றாவது சிலிண்டர் பிளக்கின் அடியில் ஹெட் வெப்பமானி வையுங்கள். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காலைக் குறைக்க வேண்டும். மூன்றாவது கியரில் 2200-ல் முழு மிதி மிதித்து நகர்த்துவதுதான் இன்ஜினைக் கொல்லும். இன்ஜினைக் குளிர்விக்கும் விசிறி மெதுவாகச் சுற்றும், நெருப்பு முழுதாக எரியும். இரண்டாவதில் 3300-ல் அலறிக்கொண்டு போவது அதற்கு ஆரோக்கியம். இன்ஜின் அறையைச் சுற்றிய நுரை ரப்பர் சீல் பல வண்டிகளில் பொடிந்து போயிருக்கும், அடியிலிருந்து சூடான காற்று மேலேறி விசிறிக்கே திரும்பும். இதை மாற்றாமல் ஆயில் கூலருக்குப் பணம் கொட்டுவது வீண்.

பாரத்தைக் குறைப்பது யாருக்கும் பிடிக்காத யோசனை. மலையடிவாரத்தில் 40 லிட்டர் தண்ணீர் டேங்க்கை நிரப்பிக்கொண்டு ஏற வேண்டியதில்லை, மேலேயும் தண்ணீர் உண்டு. உயரமான சக்கரமும் வேண்டாம். விட்டம் 3 சதவீதம் கூடினால் எல்லாக் கியரும் அதே அளவு நீளும்.

இவ்வளவுக்குப் பிறகும் போதாதென்றால் கியர் பெட்டி. மூன்றாவதை 1.32 ஆக்கினால் அந்த 2450 என்பது 2560 ஆகும். பெரிய மாற்றமில்லைதான், ஆனாலும் விளிம்பில் நிற்கும் ஏற்றங்களில் அதுவே போதும். நாலாவதை 0.82-லிருந்து 0.89 ஆக்கினால் ஆட்டோபானில் 100-ல் இன்ஜின் 4000-ஐத் தாண்டும்; அந்தச் சத்தத்தோடு நாள்முழுக்க ஓட்ட முடியுமா என்று யோசித்துச் செய்யுங்கள்.

இன்ஜினைப் பெரிதாக்குவதென்றால் 1776 சிசி, அதாவது 90.5 மில்லிமீட்டர் சிலிண்டர். கிரேங்க் கேஸையும் ஹெட்டையும் கடைசலில் விட வேண்டும். கடைசல் இல்லாமல் நுழையும் 87 மில்லிமீட்டர் செட் மலிவுதான். சுவர் மெல்லியது, சூட்டில் உருக்குலையும், கேம்பருக்கு ஆகவே ஆகாது. கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மென்மையானதாக இருக்கட்டும். 5000-ல் பாயும் பீட்டில் கேம் இங்கே வேண்டாம், 2500-ல் இழுப்பதுதான் வேண்டும். கம்ப்ரஷன் விகிதம் 8-ஐத் தாண்டக் கூடாது. இரட்டைக் கார்புரேட்டர் இந்தக் கட்டத்தில்தான் அர்த்தமாகும், அதுவும் இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று ஃப்ளோ மீட்டர் வைத்து அவ்வப்போது சரிசெய்யத் தயாராக இருந்தால்.

ஜெர்மனியில் எச் நம்பர் பிளேட் (பழம்பெரும் வண்டிகளுக்கான சிறப்புப் பதிவு) வைத்திருப்பவர்கள் இன்ஜினில் கைவைக்கும் முன் சோதனை நிலையத்தில் கேட்டுவிடுவது நல்லது. அந்தக் காலத்து வழக்கத்துக்கு ஒத்துவராத மாற்றம் என்றால் பிளேட்டே போய்விடும்.