பூங்கா யார் பேரில்? டர்பன் மனைப்பிரிவுகளில் திறந்தவெளிக்கு மூன்று வழிகள்

டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட் பக்கத்துப் பழைய கரும்பு நிலங்களில் மனைப்பிரிவுகள் வந்துகொண்டே இருக்கின்றன. பீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் பக்கம் மிச்சமிருக்கும் சரிவுகளையும் விடுவதில்லை. எந்த வரைபடத்தை எடுத்தாலும் பச்சை வண்ணம் பூசிய ஒரு பகுதி இருக்கும். மேலே ‘திறந்தவெளி’ என்று எழுதியிருக்கும். அது யார் பேரில் பதிவாகும், பத்து வருடம் கழித்து அங்கே யார் புல் வெட்டுவார்கள் என்பதுதான் வீடு வாங்குபவருக்கும் பக்கத்துத் தெருக்காரருக்கும் தெரிய வேண்டிய விஷயம். வரைபடத்தின் வண்ணம் அதைச் சொல்லாது.

ஸ்ப்ளுமா என்று எல்லோரும் சொல்லும் தென்னாப்பிரிக்காவின் 2013-ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டுச் சட்டம் (எண் 16) 2015 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 50-ஆம் பிரிவு சொல்வது இது: குடியிருப்புத் திட்டத்துக்குப் பூங்கா தேவை என்றால், அதற்கான நிலத்தை அந்த நிலப்பரப்புக்குள்ளேயே ஒதுக்க வேண்டும். நகராட்சி சம்மதித்தால் அதே நகராட்சி எல்லைக்குள் வேறு இடத்தில் ஒதுக்கலாம். நிலமே ஒதுக்காமல் ஒப்புதல் கொடுத்தால், அதற்கு ஈடாகப் பணம் கட்டச் சொல்ல நகராட்சிக்கு அதிகாரம் உண்டு. நடைமுறையில் மூன்று வழிகள் எதிரெதிரே நிற்கின்றன. நிலத்தை மாநகராட்சிக்குப் பொதுவெளியாகக் கொடுப்பது ஒன்று. எஸ்டேட்டுக்குள், அதாவது மதில் போட்ட தனியார் குடியிருப்புக்குள் வைத்து, வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பேரில் எழுதுவது இன்னொன்று. பணம் கட்டிவிட்டு எல்லா நிலத்தையும் மனையாக விற்பது மூன்றாவது.

முதலில் பச்சையை அளந்து பாருங்கள்

எந்த வழியாக இருந்தாலும், காட்டப்படும் பரப்பில் எவ்வளவு உண்மையில் பயன்படும் என்று பார்க்காமல் பேசுவது வீண். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 ஹெக்டேரில் 120 மனைகள், திறந்தவெளி 6,000 சதுர மீட்டர் என்று விண்ணப்பம் சொல்கிறது. சமவுயரக் கோடுகள் போட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். 1 மீட்டர் உயர இடைவெளிக் கோடுகள், வரைபட அளவுகோலின்படி தரையில் 4 மீட்டருக்கும் குறைவான தூரத்தில் நெருங்கி வந்தால், அந்தச் சரிவு 1:4-ஐவிடச் செங்குத்து. 2 மீட்டர் கோடுகளானால் 8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் செங்குத்தான இடத்தில் இழுவை எந்திரம் வைத்துப் புல் வெட்டுவது ஆபத்து; பிள்ளைகள் பந்தும் விளையாட முடியாது. அப்படி 2,200 போகட்டும். நூறாண்டு வெள்ளக்கோட்டுக்குக் கீழே இருப்பதும் மழைநீர் தேக்கக் குட்டையும் சேர்ந்து 1,900. மரம் நடவோ கட்டடம் கட்டவோ முடியாத மின்கம்பி வழியுரிமைப் பட்டை 700. மிச்சம் 1,200. அதிலும் 300 சதுர மீட்டர், வீடுகளின் பின்மதில்களுக்கு நடுவே 4 மீட்டர் அகலத்தில் ஓடும் சந்து. கையில் நிற்பது 900 சதுர மீட்டர், அதாவது 30க்கு 30 மீட்டர் சதுரம். 120 குடும்பங்களுக்கு இதுதான் பூங்கா.

அந்தச் சந்துத் துண்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எந்த வீட்டின் ஜன்னலும் அந்தப் பக்கம் திறக்காது. கட்டட இடிபாட்டை முதல் ஆள் கொட்டுவான், இரண்டாவது ஆள் மெத்தையைப் போடுவான், மூன்றாம் மாதம் லந்தானாவும் பக்வீடும் மதில் உயரத்துக்கு எழும்பிவிடும். இரண்டுமே, கட்டுப்படுத்தியே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லும் 1பி வகை ஆக்கிரமிப்புச் செடிகள். கட்டுப்படுத்தும் பொறுப்பு நில உரிமையாளருடையது. ஆகவே இந்தத் துண்டை ‘பொதுவெளி’ என்று மாநகராட்சித் தலையில் கட்டுவது மனைப்பிரிவு போடுபவருக்கு லாபம், மற்ற எல்லோருக்கும் நஷ்டம்.

வெள்ளக்கோட்டைச் சும்மா விடக்கூடாது. 1998-ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டத்தின் 144-ஆம் பிரிவின்படி, நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தின் எல்லையை வரைபடத்தில் காட்டாமல் குடியிருப்புப் பகுதி அமைக்க முடியாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஆற்றோரத்தைக் காலியாக விடுவது கட்டாயம். அதைப் பூங்காக் கணக்கில் சேர்த்துக் காட்டுவதைத்தான் ஏற்கக்கூடாது.

இதேபோல் இன்னொரு குழப்பம் டீமாஸ். டர்பன் பெருநகரத் திறந்தவெளி அமைப்பு என்ற இந்த வரைபட அடுக்கு 2010-இல் எதெக்வினியின் (டர்பன் மாநகராட்சியின்) நகரத் திட்டங்களுக்குள் சேர்க்கப்பட்டது. காடு, புல்வெளி, சதுப்பு நிலம் ஆகியவற்றைக் காப்பது அதன் வேலை. அதற்குள் வரும் நிலம் தனியார் கையில் இருந்தாலும் கட்டுப்பாடு உண்டு. ஆனால் அது ஊஞ்சல் போடும் இடம் அல்ல. டீமாஸ் நிலத்தைக் காட்டிப் பூங்கா கொடுத்துவிட்டதாகச் சொன்னால், எப்படியும் கட்டியிருக்க முடியாத நிலத்தைக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

பொதுவெளியா, எஸ்டேட் வெளியா

நிலத்தை மாநகராட்சிக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் வழி திறந்திருக்கும். எதிர்த்தெருப் பழைய வீட்டுப் பிள்ளைகளும் வரலாம். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி வார்க்க அனுமதி வாங்கிப் பந்தல் போடலாம். வீட்டுக்காரர் ரேட்ஸுக்கு (சொத்து வரிக்கு) மேல் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. பலவீனம் பராமரிப்பு. அக்டோபர் முதல் மார்ச் வரை டர்பனில் புல் எப்படி வளரும் என்று எல்லோருக்கும் தெரியும். பூங்காத் துறை ஒரு சுற்றைத் தவறவிட்டாலே இடுப்பளவு நின்றுவிடும். பயந்து யாரும் உள்ளே போவதில்லை.

இதற்கு மருந்து பெரும்பாலும் வடிவமைப்பில்தான் இருக்கிறது. நான்கு சின்னத் துண்டுகளுக்குப் பதில் ஒரே துண்டாகக் கேளுங்கள். சுற்றளவில் பாதியாவது தெருவைப் பார்த்திருக்க வேண்டும், எதிரே வீட்டு முன்வாசல்கள் இருக்க வேண்டும். லாரி நுழையாதபடி ஓரத்தில் கான்கிரீட் தூண்களும், வெட்டு எந்திரம் மட்டும் நுழையப் பூட்டுப் போட்ட ஒரு வாசலும் வேண்டும். விளையாடும் தரை ஏறக்குறைய 1:50 சரிவில் இருந்தால் தண்ணீரும் வடியும், பந்தும் ஓடிப்போகாது. நடைபாதை 1:12-ஐவிடச் செங்குத்தாக இருந்தால் சக்கர நாற்காலி ஏறாது.

எஸ்டேட் வழி நேர்மாறு. ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் அடுத்த வாரமே மாற்றிவிடுவார்கள். இரவில் விளக்கு எரியும். ஆனால் இதை மதிப்பிட வேண்டியது மனைப்பிரிவு போட்டவர் வெளியேறிய பிறகுதான். கடைசி மனை விற்கும்வரை பெரும்பான்மை வாக்கு பெரும்பாலும் அவரிடமே இருக்கும். விற்பனைக்காக லெவியை (சங்கத்துக்கு வீட்டுக்காரர் மாதாமாதம் கட்டும் பணத்தை) குறைவாகவும் வைத்திருப்பார். அவர் போனதும் உண்மையான செலவு தெரியும். 40 வீட்டுச் சங்கத்துக்குத் திறந்தவெளிச் செலவு மாதம் 10,000 ராண்ட் என்று வைத்தால், வீட்டுக்கு 250. பத்து வீடுகள் கட்டாமல் நிறுத்தினால் மற்ற முப்பது வீடுகளுக்கு 333 ஆகும். 200 வீட்டு எஸ்டேட்டில் அதே பத்து வீடுகளின் நிலுவை ஒருவருக்கும் பெரிதாகத் தெரியாது. ஆகவே சிறிய எஸ்டேட்டுக்குத் தனியார் வெளி பொருந்தாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

வீடு தனியாகவும் நிலம் பொதுவாகவும் உரிமையாகும் அடுக்குமாடிச் செக்‌ஷனல் டைட்டில் வீடுகளுக்குப் பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டமும் சேமநிதியும் சட்டப்படி கட்டாயம் (2011-ஆம் ஆண்டுச் சட்டம், எண் 8). சாதாரண வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் சங்கத்தின் விதிமுறையிலேயே அப்படி ஒரு நிதி எழுதப்பட்டிருக்கிறதா என்று வாங்கும் முன் படியுங்கள். லெவித் தகராறு வந்தால் சமூகத் திட்டங்களுக்கான குறைதீர்ப்பு (ஒம்புட்) சேவையான சீசாஸிடம் போகலாம்.

இரண்டு வழிக்கும் பொதுவான ஆபத்து தேக்கக் குட்டை. வெளியேற்றுக் குழாயின் வாய் சிறியது. வெட்டிப்போட்ட புல்லும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்தால் ஒரே மழையில் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் நின்று கொசு பெருகும். அடுத்த பெருமழையில் குட்டை ஏற்கெனவே நிறைந்திருப்பதால் கீழ்த்தெருவுக்கு வெள்ளம் போகும். செப்டம்பர் முடிவதற்குள் வாயையும் கம்பிவலையையும் சுத்தம் செய்ய வேண்டும். அது யார் வேலை என்று ஒப்புதல் நிபந்தனையில் ஒரு வரி இல்லை என்றால், வெள்ளம் வந்த பிறகு ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள்.

பணம் கட்டும் வழி

இது எளிதாகத் தெரியும், எளிதாக ஏமாற்றும். சட்டத்தில் ‘கட்டச் சொல்லலாம்’ என்றுதான் இருக்கிறது. கட்டியே தீர வேண்டும் என்று இல்லை. தொகையை எந்த மதிப்பில் கணக்கிடுவது என்பது அடுத்த சண்டை. கரும்பு நிலமாக இருந்த விலையும், சாலையும் குழாயும் போட்ட மனையின் விலையும் மலையும் மடுவும். பணம் பொதுக் கணக்கில் கலந்துவிட்டால் எந்தத் தெருவுக்கும் வராமலே போகலாம்.

நாலைந்து மனைகள் மட்டும் பிரிக்கும்போதும், நடந்து போகும் தூரத்தில் ஏற்கெனவே பூங்கா இருக்கும்போதும் இதுவே நல்ல வழி. 200 சதுர மீட்டர் துண்டு ஒன்றை ஒதுக்கி வைப்பதைவிட, இருக்கும் பூங்காவுக்கு வடிகாலும் விளக்கும் போடுவது மேல். அப்போது நிபந்தனையில் அந்தப் பூங்காவின் பெயரும் செய்ய வேண்டிய வேலையும் இருக்க வேண்டும். மாநகராட்சியின் பட்ஜெட் வரைவு, நிதியாண்டு தொடங்கும் ஜூலை 1-க்கு 90 நாள் முன்பே அவையில் வைக்கப்படும். மக்கள் கருத்துச் சொல்லும் அந்த ஏப்ரல்–மே காலத்தில் கவுன்சிலரிடம் எழுத்தில் கேட்டால், அந்த வேலை பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

பிடி எங்கே இருக்கிறது

ஸ்ப்ளுமாவின் 53-ஆம் பிரிவுப்படி, ஒப்புதல் நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறின என்று நகராட்சி சான்று தரும்வரை புதிய மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய முடியாது. மனைப்பிரிவு போடுபவருக்கு மனை விற்ற காசு கைக்கு வர அந்தச் சான்று வேண்டும். அதுவரைதான் அவர் காது கொடுப்பார். ‘பூங்கா பின்னர் அமைக்கப்படும்’ என்ற வாசகம் எதற்கும் உதவாது. தரை சமன்படுத்தி, புல் பிடித்து, தூண் நட்டு, குட்டையின் வாய் கட்டி முடித்து, பூங்காத் துறை நேரில் பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகே சான்று என்று நிபந்தனை இருக்க வேண்டும். கட்டங்களாகப் பிரித்துச் செய்யும் திட்டத்தில் பூங்கா முதல் கட்டத்திலேயே வரவேண்டும். கடைசிக் கட்டத்துக்குத் தள்ளினால், அந்தக் கட்டம் வராமலே நிற்கவும் கூடும்.

மாநகராட்சி பேரில் இருக்கும் பூங்கா என்றைக்கும் பத்திரமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அதையும் விற்கக் கேட்பார்கள். ஆனால் 2003-ஆம் ஆண்டு நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. அடிப்படைச் சேவைக்கு அந்தச் சொத்து தேவையில்லை என்று பொதுமக்கள் பார்க்கக்கூடிய அவைக் கூட்டத்தில் தீர்மானிக்க வேண்டும். சந்தை மதிப்பையும் பார்க்க வேண்டும். எஸ்டேட் வெளிக்கு இந்தக் காப்பு இல்லை. மூன்றில் பொதுவெளியை நாங்கள் முன்னால் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆட்சேபணை எழுதும்போது ‘எங்களுக்குப் பூங்கா வேண்டும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். மேலே போட்டதுபோல் சரிவு, வெள்ளக்கோடு, வழியுரிமைப் பட்டை ஆகியவற்றைக் கழித்த கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி, வரைபடத்தின் நகலில் அந்தப் பகுதிகளைக் கோடிட்டு இணையுங்கள். அறிவிப்பில் இருக்கும் கடைசி நாளுக்குள் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையுடன் ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். முடிவு உங்கள் உரிமையைப் பாதித்தால், அது அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் காரணங்களோடு நகராட்சி மேலாளருக்கு எழுத்தில் மேல்முறையீடு கொடுக்கலாம். அந்தக் கணக்குத் தாளே அங்கும் முதல் இணைப்பு.