எம்ஜிபி காருக்கு மலிவு விலையில் ஹெட்டர் வாங்குவோர் கவனத்திற்கு

பிரிட்டனில் எம்ஜிபி என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் தமிழ் அன்பர்கள், "எல்லா எம்ஜிபிக்கும் அப்படியே பொருந்தும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹெட்டர்" (எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) என்று இணையத்தில் வரும் மலிவு விளம்பரங்களுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என்னுடைய 1972ஆம் ஆண்டு வண்டியில் அதே வேலையைச் செய்யும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு விரிசல் விட்டதால், அப்படி விளம்பரம் செய்த ஒருவரிடம் 145 பவுண்டுக்கு ஹெட்டர் வாங்கினேன்.

வந்த பொருள் பளபளப்பாகத்தான் இருந்தது. கோளாறு, எஞ்சினோடு இணைக்கும் தட்டையான விளிம்பான ஃபிளாஞ்சில் இருந்தது. இந்த 1798 சிசி எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே செல்லும் இன்டேக் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் சிலிண்டர் ஹெட்டின் ஒரே பக்கத்தில் அமர்ந்திருப்பதோடு, அவற்றின் ஃபிளாஞ்சுகள் சந்திக்கும் இடங்களில் தடித்த வாஷர் ஒன்றே இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. ஆகையால் இரண்டு ஃபிளாஞ்சுகளும் ஒரே தடிமனாக இருந்தே தீர வேண்டும். எனக்கு அனுப்பப்பட்ட ஹெட்டரின் ஃபிளாஞ்சோ ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் மெலிந்திருந்தது. நட்டை எவ்வளவு இறுக்கினாலும் வாஷர் சாய்ந்து நின்றதே தவிர ஹெட்டரை அழுத்தவில்லை. இடைவெளியை அடைக்கும் புது கேஸ்கெட் போட்ட பிறகும் புகை கசிந்தது. நாற்பது ஆண்டு கடந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை என்பதால், கார்பன் மோனாக்சைடு கலந்த அந்தக் கசிவை நாமே கவனித்தால்தான் உண்டு.

அடுத்த கோளாறு நடுக்குழாயில். இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் புகை ஒரே துளை வழியாக வெளியேறுவதால் இந்த எஞ்சினின் ஹெட்டருக்கு மூன்று குழாய்களே உண்டு. (நான்கு குழாய்கள் உள்ள படத்தைக் காட்டி இதற்கு ஹெட்டர் விற்பவருக்கு இந்த எஞ்சினைப் பற்றி எதுவும் தெரியாது என்று தயங்காமல் முடிவு செய்யலாம்.) இரு சிலிண்டர்களின் புகையைச் சுமக்கும் அந்த நடுக்குழாயின் வாயில், வெல்டிங் உருகல் உள்பக்கமாகப் பிதுங்கி வழியை அடைத்திருந்தது.

விற்பனையாளர் முதலில் பதிலே தரவில்லை. பிறகு, ஒருமுறை பொருத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது என்று எழுதினார். இது சட்டப்படி செல்லாது. குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்க 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. குறையைக் கண்டறிவதற்காகப் பொருத்திப் பார்த்ததால் அந்த உரிமை போய்விடாது. பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்து, கிரெடிட் கார்டில் பணம் கட்டியிருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். ஃபிளாஞ்சை வெர்னியர் அளவுகோலால் அளந்தெடுத்த படங்களோடு விண்ணப்பித்து, அந்த வழியில்தான் எனக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. மெக்கானிக் கூலி கிடைக்கவில்லை.

மலிவானதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் ஃபிளாஞ்சின் தடிமனையும் குழாயின் சுவர்த் தடிமனையும் எழுத்தில் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். இடப்பக்க ஸ்டீயரிங் உள்ள வண்டியானால், ஸ்டீயரிங் தண்டு மேனிஃபோல்டு இருக்கும் பக்கமே இறங்குவதால், ஹெட்டர் அதற்கு இடம் விடுகிறதா என்பதையும் கேளுங்கள். எஞ்சினில் வேறு மாற்றம் எதுவும் செய்யாதவர்களுக்கு ஹெட்டரால் கூடும் வேகம் மிகச் சொற்பம். எம்ஜிபியின் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டே நன்றாக வடிவமைக்கப்பட்டது. விரிசல் இல்லாத பழைய மேனிஃபோல்டு ஒன்றைத் தேடி வாங்கி, அதன் முகத்தை மட்டமாகச் சீவிப் பொருத்தியிருக்கிறேன். இப்போது கசிவு இல்லை.