கேவிஎம் சர்வர்: ராம் மாற்றிய பிறகு எழுதுவது

காட்பாடி நண்பர் கேட்கிறார்: ஆபீஸுக்குப் பழைய ஜியான் (இன்டெலின் சர்வர் சிபியு) சர்வர் வாங்கி, கேவிஎம் (ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் லினக்ஸ் வசதி) போட்டு நாலைந்து விர்ச்சுவல் மெஷின் ஓட்டலாமா? எங்கள் சர்வரில் ஒரு ராம் மாற்றி முடித்த கையோடு பதில் எழுதுகிறேன்.

மெமரி கெட்டால் கேவிஎம் நடந்துகொள்ளும் விதம் அருமை. ஈசிசி ராம் (பிழை திருத்தும் ராம்) 64 பிட்டில் ஒன்று புரண்டால், அதாவது 0 என்பது 1 ஆகவோ 1 என்பது 0 ஆகவோ மாறினால், தானே திருத்திவிடும். இரண்டு புரண்டால் கண்டுபிடிக்கும், திருத்தாது. அப்போது ஹோஸ்டில், அதாவது மெஷின்களைத் தாங்கும் சர்வரில், ஓடும் லினக்ஸ் அந்த 4 கேபி பக்கத்தை (மெமரித் துண்டை) ஒதுக்கிவிட்டு, அதை வைத்திருந்த கியூஎமுவுக்கு (ஒரு விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் புரோகிராமுக்கு) மட்டும் சிக்பஸ் என்ற மெமரிப் பிழை சிக்னலை அனுப்பும். கியூஎமு அதை உள்ளே இருக்கும் மெஷினுக்குச் சொல்லும். பெரும்பாலும் ஒரே ஒரு புரோகிராம் சாகும். கெட்ட பக்கம் உள்ளிருக்கும் கெர்னலுடையது (இயங்குதளத்தின் மையப்பகுதியுடையது) என்றால் அந்த மெஷின் விழும், மற்றவை ஓடும். ஹோஸ்ட் கெர்னலுடையது என்றால் எல்லாமே போச்சு. டேட்டாபேஸ் வேகத்துக்காக 1 ஜிபி ஹியூஜ்பேஜ் (பெரிய பக்கம்) போட்டிருந்தால் ஒரு பிழைக்கு முழு 1 ஜிபியும் போகும்; 2 எம்பி போதும். ஒரே மாதிரிப் பக்கங்களை மெஷின்களுக்குள் பகிரும் கேஎஸ்எம்மை அணைத்துவிடுங்கள், பகிர்ந்த பக்கம் கெட்டால் பகிர்ந்த எல்லாருக்கும் அடி.

எரிச்சல் ஒன்றுதான், ஆனால் பெரியது. திருத்தப்பட்ட பிழைகள் நாள்தோறும் ஏறும். நிர்வாகத் திரையோ பச்சையாகவே இருக்கும். பிழைகளைப் பதிவு செய்யும் ராஸ்டீமன் என்ற புரோகிராமை நாமே நிறுவி, பிழைக் கணக்கை நாமே பார்க்க வேண்டும். அது காட்டும் சேனல் எண்ணும் போர்டில் அச்சிட்ட ஸ்லாட் பெயரும் ஒத்துப்போகாது. மேனுவலை வைத்துப் பொருத்துங்கள். பிறகு அந்த ராமை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். பிழை கூடவே போனால் ராம் கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் ஸ்லாட்டையும் சிபியு சாக்கெட் பின்னையும் பாருங்கள். நம்மூர் தூசு இங்கேதான் வேலையைக் காட்டும்.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை இரவில் ஏசி போட்டு ஓட்டி நம்பாதீர்கள். சிப் சூடு 85 டிகிரியைத் தாண்டினால் ராமை 64 மில்லிசெகண்டுக்குப் பதில் 32க்குள் ரெஃப்ரெஷ் செய்ய (தரவு அழியாமல் மறுபடி சார்ஜ் ஏற்ற) வேண்டும். மார்கழியில் தேறும் ராம் வேலூர் கத்திரி வெயிலில் தோற்கும்.

திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியதுமே மெஷின்களை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்துங்கள். பக்கம் கெட்ட பிறகு லைவ் மைக்ரேஷன் (மெஷினை ஓடும்போதே நகர்த்துவது) வேண்டாம். அந்தப் பக்கத்தைப் படிக்கப் போய் கியூஎமுவே விழலாம். மெஷினை முழுதாக நிறுத்தி, மறுபடி தொடங்குங்கள். ஹோஸ்டை ரீபூட் செய்வது தீர்வல்ல: ஒதுக்கிய பக்கங்களின் பட்டியல் அழிந்து, கெட்ட இடம் மறுபடி புழக்கத்துக்கு வரும்.

நண்பர் ஆபீஸில் லாக் பார்க்க ஆள் இல்லை. அதனால், இத்தனை பாராட்டிய பிறகும், வாங்க வேண்டாம் என்றே சொல்கிறேன்.