மாண்ட்ரியல் லிட்டில் இத்தாலி நடைச் சுற்றுலா: போகலாம், ஆனால் பாதிக் கதைதான்

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் இத்தாலியர்கள் குடியேறிய பேட்டையான லிட்டில் இத்தாலியைச் சுற்றிக் காட்டும் நடைச் சுற்றுலாவுக்குப் போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம். குழு சிறியது, நடை அதிகமில்லை, வழிகாட்டிக்கு அந்தத் தெருக்கள் அத்துபடி. ஆனால் முதன்முதலில் வந்திறங்கிய இத்தாலியர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் பணம் கட்டுகிறீர்கள் என்றால் ஏமாற்றமாக இருக்கும்.

சுற்றுலாவின் உயிரே அந்தத் தேவாலயம்தான். தாந்தே தெருவும் ஆன்ரி-ஜூலியன் அவென்யூவும் சேரும் மூலையில் இருக்கிற மடோன்னா டெல்லா டிஃபேசா, தெற்கு இத்தாலியின் மொலிசே பகுதியிலிருந்து வந்தவர்கள் 1918-19இல் எழுப்பியது, தங்கள் ஊர்ப்பக்கம் காசகலெண்டாவில் காட்சி தந்ததாக நம்பும் மாதாவின் பெயரையே இங்கேயும் வைத்துவிட்டார்கள். உள்ளே பலிபீடத்துக்கு மேலே கீதோ நின்கேரி வரைந்த பெரிய சுவரோவியம். வத்திக்கானும் இத்தாலிய அரசும் 1929இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் குறிக்க வரைந்தது என்பதால் போப்பாண்டவரோடு குதிரைமேல் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியும் இருக்கிறார்! 1940இல் இத்தாலி இரண்டாம் உலகப் போரில் எதிரணியில் இறங்கியதும் கனடா அரசு சுமார் 600 இத்தாலியக் கனடியர்களை முகாம்களில் அடைத்தது, நின்கேரியும் கைதானார். 2021இல்தான் நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். இதை வழிகாட்டி அவசரப்படாமல், ஓவியத்தின் ஒவ்வொரு பகுதியாகக் காட்டிச் சொன்னார், அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும்.

அப்புறம் காபிக்கடை, பாஸ்தா விற்கும் மளிகைக்கடை, ஜான்-தலோன் சந்தை. எஸ்பிரெசோ அருமை, குறையே சொல்ல முடியாது. சந்தை 1933இல் தொடங்கியது, கோடையில் போனால் தக்காளியும் துளசி வாசனையும் ஆளைக் கட்டிப்போடும். ஆனால் நேரத்தில் பெரும்பங்கு இங்கேயே கரைந்துவிடுகிறது.

விட்டுப்போனது என்ன தெரியுமா? கோர்தாஸ்கோ. கூலிக்கு ஆள்பிடித்துக் கொடுத்த அந்தோனியோ கோர்தாஸ்கோவின் பெயரை எங்கள் குழுவிடம் வழிகாட்டி ஒருமுறைகூடச் சொல்லவில்லை. 1901இல் கனடியன் பசிபிக் ரயில்வேயின் தண்டவாளத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அந்தக் கம்பெனிக்கு இத்தாலியர்களைத் திரட்டித் தந்தவர் இவர், பிறகு அங்கே ஆள் அனுப்பும் உரிமையே இவர் கைக்குப் போனது. வேலை வேண்டுமா, முதலில் இவரிடம் பணம் கட்டிப் பெயர் பதிய வேண்டும். தண்டவாள முகாமில் சாப்பிடும் ரொட்டியும் மீனும்கூட இவர் மூலமாகத்தான் போகும், விலையும் கூடுதல். நம் கங்காணிகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்த ஆளை அறிமுகப்படுத்தவே வேண்டாம். 1904 ஜனவரியில் தொழிலாளர்கள் ஊர்வலம் நடத்தி இவருக்கு 'ராஜா' என்று முடிசூட்டினார்கள், அதே வருடம் வசந்தத்தில் இவரிடம் பணம் கட்டியவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் வேலையில்லாமல் மாண்ட்ரியல் தெருக்களில் நின்றதால் அரசு விசாரணை ஆணையமே அமைக்க வேண்டியதாயிற்று. அந்த ஆணையத்தின் முன் தொழிலாளர்கள் கொடுத்த வாக்குமூலங்களிலிருந்து நாலு வரி வாசித்திருந்தால்கூடப் போதும், வந்தவர்கள் பட்ட பாடு புரிந்திருக்கும்.

கோர்தாஸ்கோவின் அலுவலகம் இருந்தது நகர மையத்தில், சென் ஜாக் தெருவில், அதனால் நடைப்பாதையில் வராது என்பது சரிதான். பூங்காவில் உட்கார வைத்தாவது சொல்லியிருக்கலாமே? சந்தை வருவதற்கு முன்பே, ரயில் பாதையில் உழைத்தவர்கள் குடும்பத்தை வரவழைத்து, வீட்டுப் பின்கட்டில் காய்கறி போட இடம் கிடைக்கிறதே என்று வடக்குப் பக்கம் குடியேறியதால்தான் இந்தப் பேட்டையே உருவானது. அதைச் சொல்லாமல் பாஸ்தாவைப் பற்றி மட்டும் பேசினால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். சாப்பாட்டுக்காகப் போகிறவர்கள் இன்னும் ஒன்று கூட்டிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்: தேவாலயத்துக்கு உள்ளே கூட்டிப்போவார்களா என்று. பூசையோ திருமணமோ நடந்தால் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும், அந்த ஓவியத்தைப் பார்க்காவிட்டால் கொடுத்த காசு வீண்.