முதல் ஆர்சி விமானம்: ஃபோம் போர்டா, ஈபிஓவா, பால்சாவா?

பெங்களூரில் ஆர்சி (ரிமோட்டில் பறக்கும் மாதிரி) விமானம் பழக, முதல் டிரெய்னர் எடுக்க நினைப்பவருக்கு மூன்று வழி உண்டு. எஸ்.பி. ரோட்டில் மோட்டாரும் சர்வோவும் (அசையும் தகடுகளைத் திருப்பும் குட்டி மோட்டார்), அவென்யூ ரோட்டில் ஃபோம் போர்டும் வாங்கித் தானே வெட்டி ஒட்டலாம். பெட்டியைத் திறந்து இறக்கையை மாட்டினால் தயாராகிவிடும் ஈபிஓ (வார்த்த நுரை) விமானம் வாங்கலாம். இல்லையென்றால் பால்சா மரக் கிட். மூன்றுமே நன்றாகப் பறக்கும். பழகும் கையில் மூன்றுமே தரையில் மோதவும் செய்யும். அதனால், உடைந்ததை அன்று சாயங்காலமே ஒட்டி மறுநாள் காலை திரும்ப எடுக்க முடியுமா என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அழகெல்லாம் இரண்டாவது விமானத்துக்கு.

முதலில் ஊரின் காற்று. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். அதே வெயிலில் சென்னையில் உள்ள காற்றைவிட இங்கே ஏறக்குறைய 10 சதவீதம் மெலிது. ஒரே வேகத்தில் சுற்றும் ப்ராப் (விமானத்தை இழுக்கும் விசிறி) தரும் இழுவிசையும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்காமல் விமானம் விழும்) 5 சதவீதம் கூடும். கடற்கரை ஊர்க்காரர் ‘எடை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை’ என்றால் அவர் ஊருக்கு அது சரி. இங்கே ஒவ்வொரு 50 கிராமும் இறங்கும்போது தெரியும்.

ஃபோம் போர்டு

கடையில் ‘சன் போர்டு’ என்று கேட்டால் இரண்டு வேறு பொருள் கைக்கு வரலாம். ஒன்று, நடுவில் தெர்மகோல் மாதிரி நுரை, இருபுறமும் தாள். மற்றது, விளம்பரப் பலகைக்குப் போகும் பிவிசி நுரைத் தகடு. இரண்டும் வெள்ளை, இரண்டும் 5 மி.மீ. 20க்கு 30 அங்குலத் துண்டு முதல் வகையில் 200 கிராமுக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது ஒரு கிலோவை நெருங்கும். ஓரத்தை நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் வாங்கலாம். விழாவிட்டால் கடைக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் வேண்டாம்.

இறக்கை நீளம் 120 செ.மீ., அகலம் 20 செ.மீ. இதற்கு அரை இறக்கைக்கு ஒன்றாக இரண்டு போர்டு, உடலுக்கும் வாலுக்கும் இன்னும் இரண்டு. கிடைவால் 40க்கு 13 செ.மீ. இருந்தால் போதும். உடல் 90 செ.மீ. வரை வரும் என்பதால் போர்டில் ஒட்டுப் போட்டே ஆகவேண்டும். அந்த ஒட்டு இறக்கையின் பின்விளிம்புக்கு நேராக விழக்கூடாது. மோதினால் உடல் மடங்குவது அங்கேதான். இறக்கையின் உள்ளே போர்டை மடித்த தண்டும், நடுவில் 5 மி.மீ. கார்பன் குழாயும் வையுங்கள். இறக்கையை உடலோடு ஒட்டிவிடாதீர்கள். எட்டு ரப்பர் பேண்டில் கட்டினால், மோதும்போது இறக்கை தானே கழன்று தப்பித்துக்கொள்ளும்.

2212 அளவில் 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று) மோட்டார், 30 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), 10க்கு 4.5 அங்குல ப்ராப், 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் லைப்போ பேட்டரி, 9 கிராம் சர்வோ நான்கு. எல்லாம் சேர்ந்து 800 கிராமில் நிற்க வேண்டும். இறக்கைப் பரப்பு 24 சதுர டெசிமீட்டர். ஒரு சதுர டெசிமீட்டருக்கு 33 கிராம். பழகுகிறவருக்கு இது நிதானமாக மிதக்கும் எடை.

கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடத்தில். ஃபெவிக்விக் இந்த நுரையைக் கரைத்துவிடும். க்ளூ கன் போதும், ஆனால் முனை அதிகம் சூடானால் அதுவும் குழி போடும். மோட்டாரை நேராகப் பொருத்தினால் த்ராட்டில் (மோட்டார் வேகம்) கொடுத்ததும் மூக்கு தூக்கி இடப்பக்கம் இழுக்கும். வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் 2 முதல் 3 பாகை சாய்த்துப் பொருத்துங்கள். மூன்றாவது சிஜி (எடை மையம்). முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 செ.மீ.க்குள் விரல் வைத்துத் தூக்கினால் விமானம் சமமாக, அல்லது மூக்கு லேசாகத் தாழ்ந்து நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் அன்று பறக்க விடாதீர்கள். மூக்கில் ஈயம் சேர்க்கும் முன் பேட்டரியை முன்னால் தள்ளிப் பாருங்கள். தண்ட எடை மிச்சம்.

இதன் பெரிய பலவீனம் ஈரம். மார்கழி காலைப் பனி படிந்த புல்லில் இரண்டு முறை இறங்கினால் தாள் ஊறி உரியத் தொடங்கும். அடிப்பாகத்துக்கும் முன்விளிம்புக்கும் பேக்கிங் டேப் சுற்றினால் சமாளிக்கலாம்.

ஈபிஓ

வீட்டில் இடமில்லை, கத்தி எடுக்கப் பொறுமையில்லை, ஞாயிற்றுக்கிழமை பறந்தால் போதும் என்பவருக்கு இது. நுரை தாங்கும்: நசுங்கிய மூக்கில் கொதிநீர் ஊற்றினால் பெருமளவு பழைய உருவத்துக்கு வரும், இரண்டாக உடைந்தால் ஃபெவிக்விக்கே போதும். தொல்லை நுரையில் இல்லை, பிளாஸ்டிக்கில். மோட்டார் தாங்கி, தரைச்சக்கரக் கம்பி, இறக்கைப் பிடிப்பு எல்லாம் அந்த மாடலுக்கென்றே வார்த்தவை. 50 ரூபாய் பெறாத தாங்கி உடைந்து, விமானம் மாதக்கணக்கில் அலமாரி மேல் கிடக்கும். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை போட்டது. தனிப் பாகங்களுக்குத் தடை இல்லை என்றாலும், முழுப் பெட்டியாக வெளிநாட்டிலிருந்து தருவிப்பது சுங்கத்தில் சிக்கலாம். உள்ளூரில் ஸ்பேர் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

பெட்டியோடு வரும் ரிமோட் பல சமயம் அந்த விமானத்துக்கு மட்டுமே உதவும். ஃப்ளைஸ்கை ஐ6 மாதிரி 6 சேனல் (ஆறு தனித்தனிக் கட்டளை அனுப்பும்) ரிமோட்டைத் தனியாக வாங்கினால் அடுத்த நான்கு விமானத்துக்கும் அதுவே.

கைரோ (சாய்வை உணர்ந்து தானே திருத்தும் கருவி) உள்ள மாடல் காற்றில் உதறாது. ஆனால் திசை தலைகீழாக இருந்தால் சில நொடியில் கதை முடிந்தது. கையில் பிடித்து இடது இறக்கையைத் தாழ்த்துங்கள். இடது எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடு) கீழே இறங்க வேண்டும். மேலே ஏறினால் கைரோ தலைகீழ்.

பால்சா

கட்டும் இன்பத்துக்கு இதற்கு ஈடில்லை. ரிப்பை (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) ஒவ்வொன்றாக ஃபெவிகாலில் நிறுத்தி, இஸ்திரிப் பெட்டியால் ஃபிலிம் இழுத்து ஒட்டும்போது ஒரு விமானம் எப்படி விமானமாகிறது என்று புரியும். முதல் விமானமாக மட்டும் வேண்டாம். வாரக்கணக்கில் கட்டியது எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) ஒருமுறை தப்பாக அசைத்தால் குச்சியாகிவிடும். 1.5 மீட்டர் இறக்கை, க்ளோ எஞ்சின் (எரிபொருளில் ஓடும் குட்டி எஞ்சின்) வைத்த வழக்கமான டிரெய்னர் 2.4 கிலோவைத் தொடும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வந்தால், 36 கி.மீ. வேகத்தில் வரும் நம் 800 கிராம் விமானத்தைவிட ஆறு மடங்கு மோதல் ஆற்றல். 2021 ட்ரோன் விதிகளிலும் 2 கிலோவைத் தாண்டினால் ‘மைக்ரோ’ வகுப்பைவிட்டு ‘சிறு’ வகுப்புக்குப் போய்விடுகிறோம். மைக்ரோவை வணிக நோக்கமில்லாமல் பறக்கவிட பைலட் சான்றிதழ் தேவையில்லை.

மூன்று சேனலா, நான்கா?

ரட்டர் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் தகடு), எலிவேட்டர், த்ராட்டில் மட்டும் உள்ள மூன்று சேனல் விமானம், ரிமோட்டின் குச்சியை விட்டால் பெரும்பாலும் தானே நிமிரும். அதற்கு இறக்கை நுனி ஒவ்வொன்றும் 6 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். எய்லரான் வைத்தால் 2 செ.மீ. போதும், பக்கக் காற்றில் அதுதான் சொன்னபடி கேட்கும். உத்தி இதுதான்: ஒரே உடலுக்கு இரண்டு இறக்கை. ரப்பர் பேண்டைக் கழற்றினால் மாற்றிக்கொள்ளலாம், மூன்று சேனல் விமானத்தைவிடக் கூடுதல் செலவு இரண்டு போர்டும் இரண்டு சர்வோவும். மூன்று சேனலில் பழகும்போது ரட்டரை வலது குச்சியில் வையுங்கள். பிறகு எய்லரானுக்கு மாறும்போது கைப்பழக்கம் மாறாது. ஃபோம் போர்டு தவிர மற்ற இரண்டிலும் இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

எங்கே, எப்போது

வடக்கே எலகங்கா, ஜக்கூர், தேவனஹள்ளி, கிழக்கே எச்ஏஎல். நகரைச் சுற்றி ஓடுதளங்கள்தான். மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் பச்சை என்று தெரிந்த இடத்துக்கு மட்டும் போங்கள். ஓசூர்ப் பக்கம் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம், பெளகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுதளம் இருக்கிறது. நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஆனேக்கல் பக்கம் கன்னடமோ தெலுங்கோ இரண்டு வார்த்தை தெரிந்தால் வேலை சுலபம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் காற்று பலமாக அடிக்கும். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் பருந்துகள் வட்டமிடத் தொடங்கும், சில கிட்டே வந்தும் பார்க்கும். விமானத்தைக் கையால் எறிந்து பறக்கவிடும் முன் அதன் பின்னால் நின்று வலது குச்சியை வலப்பக்கம் தள்ளுங்கள்: வலது எய்லரான் மேலே எழ வேண்டும். எறிபவர் வேறொருவராக இருக்கட்டும். முக்கால் த்ராட்டில், காற்றுக்கு எதிராக, தரைக்கு இணையாக. மேல்நோக்கி எறிந்தால் கையைவிட்ட நொடியே ஸ்டால். 30 மீட்டர் ஏறும்வரை ட்ரிம்மை (நேராகப் பறக்க ரிமோட்டில் செய்யும் சிறு திருத்தம்) தொடவேண்டாம். டைமரை 7 நிமிடத்துக்கு வையுங்கள், செல்லுக்கு 3.5 வோல்ட்டுக்குக் கீழே போன லைப்போ சீக்கிரமே உப்பிவிடும்.